கடற்படையின் நோய்தீர்த்த தகாகி

உடலை வளர்ப்பது உணவு. அவ்வுணவே சில வேளைகளில் நோய்க்குக் காரணமாவதும் உண்டு. கெட்டுப்போன உணவு நோய் தருமென்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால், மல்லிகைபோல் வெளுத்து, கண்ணுக்கும் நாவுக்கும் இனிதாய் விளங்கும் சோற்றையே பெரிதும் உண்டு, பிற உணவுகளைக் குறைத்தவர் நோயுற்று மடிவர் என்று ஒருவர் கூறினால், உலகம் அதனை எளிதில் நம்புமோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அரிசியைப் போற்றும் ஜப்பான் நாட்டில், ஒரு மருத்துவர் அவ்வாறு கூறினார். கூறியதோடு அமையாது, பல்லாயிரம் கடற்படை வீரர்களின் உணவை மாற்றி, மாற்றத்தின் பயனை எண்ணிக் கணக்கிட்டு, உலகறியக் காட்டினார். அவர் பெயர் தகாகி கனேகிரோ.

இளமையும் கல்வியும்

தகாகி 1849ஆம் ஆண்டில், ஜப்பானின் தென்பகுதியிலுள்ள கியூஷூ தீவில் பிறந்தார். அவர் பிறந்த சிற்றூர் இன்றைய மியாசாகி மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் சாத்சுமா சிற்றரசின்கீழ்ப் பணிபுரிந்த எளிய போர்வீரர். குடும்பத்தைப் பேணுதற்குத் தச்சுத்தொழிலும் செய்துவந்தார். செல்வம் இல்லாத அக்குடும்பத்தில் கல்வியில் ஆர்வம் இருந்தது. மருத்துவம் பயில விரும்பிய தகாகி, இளமையிலேயே ககோஷிமா நகரஞ் சென்று, மருத்துவர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார்.

1868ஆம் ஆண்டில் ஜப்பானில் உள்நாட்டுப் போர் மூண்டது. அப்போரில் தகாகி படைமருத்துவராகச் சென்றார். துப்பாக்கிக் குண்டு பட்டு வீழ்ந்தவர்களுக்குப் பழைய முறை மருத்துவர்களால் பெரிதும் உதவ இயலவில்லை. மேனாட்டு அறுவை மருத்துவம் கற்றவர்களோ பலரைப் பிழைக்கச் செய்தனர். இதனைக் கண்ணாரக் கண்ட இளைஞர், அம்மருத்துவத்தை முற்றக் கற்றல் வேண்டுமென உறுதிகொண்டார். போர் முடிந்தபின், ககோஷிமாவில் மருத்துவம் கற்பித்த வில்லியம் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவரிடம் பயின்றார். 1872இல் கடற்படை மருத்துவப் பணியிற் சேர்ந்தார்.

கடற்படையினர் அவரது திறமையை அறிந்து, 1875இல் இங்கிலாந்துக்கு அனுப்பினர். இலண்டன் மாநகரிலுள்ள புனித தாமசு மருத்துவமனைக் கல்லூரியில் ஐந்தாண்டுகள் பயின்று, அறுவை மருத்துவத்தில் உயர்ந்த தகுதியும் பெற்று, 1880இல் அவர் நாடு திரும்பினார். அங்கே அவர் கற்றவை பல. நோயாளியின் படுக்கையருகே நின்று நோயைக் கூர்ந்து நோக்குதல் ஒன்று. எவ்விடத்தில், எத்தகையோர்க்கு, எக்காலத்தில் நோய் வருகிறது என்று கணக்கெடுத்துக் காரணத்தை நாடுதல் மற்றொன்று. பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார் நிறுவிய செவிலியர் பயிற்சிப் பள்ளி அம்மருத்துவமனையிலேயே இயங்கிவந்தது. இவையனைத்தும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

நாட்டை வாட்டிய நோய்

நாடு திரும்பிய தகாகி தோக்கியோ நகரில் கடற்படை மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். அங்கே படுத்திருந்த நோயாளருட் பலர், ஜப்பானியர் கக்கே என்றும் உலகத்தார் பெரிபெரி என்றும் வழங்கும் நோயால் துன்புற்றவர். இந்நோய் கண்டவர்க்குக் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், சிலர்க்கு உடல் வீங்கும், நெஞ்சு படபடக்கும், இறுதியில் இதயம் ஓய்ந்து உயிர் பிரியும். நேற்றுவரை பாய்மரத்தில் ஏறி இறங்கிய கட்டிளங்காளை, சில கிழமைகளில் எழுந்து நிற்கவும் மாட்டாது கிடப்பான்.

இந்நோய் ஜப்பானுக்குப் புதியதன்று. தோக்கியோ நகரம் எடோ என்னும் பெயரோடு இருந்த காலத்தில், ஊர்ப்புறத்திலிருந்து அந்நகரில் வந்து வாழ்வோர் இந்நோய்க்கு ஆளாயினர். ஊர் திரும்பினால் நலமடைந்தனர். அதனால், எடோ நோய் என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. நகரத்தார் நன்கு தீட்டிய வெள்ளரிசியை உண்டனர்; ஊர்ப்புறத்தாரோ வாற்கோதுமையும் பிற தானியங்களும் கலந்து உண்டனர். எனினும் உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எவரும் உறுதியாக ஆய்ந்து கூறவில்லை. நாட்டை ஆண்ட தலைவர்களுள் ஒருவரான தோக்குகாவா இயெமோச்சி 1866இல் இந்நோயால் இறந்தார். மெய்ஜி பேரரசரும் இந்நோயால் வருந்தியவரே.

கடற்படையின் நிலையோ மிக இரங்கத்தக்கது. 1882ஆம் ஆண்டில் படையினர் 4,769 பேர். அவ்வோராண்டில் மட்டும் 1,929 முறை இந்நோய் பதிவாயிற்று. 51 பேர் உயிர்நீத்தனர். அவ்வாண்டில் கொரியா நாட்டின் கரைக்கு அனுப்பப்பட்ட போர்க்கப்பல்களில் நோயுற்றோர் பெருகியமையால், போர் நேர்ந்தால் கப்பலைச் செலுத்துதற்கும் ஆளிருக்குமோ என்னும் அச்சம் தோன்றியது. பகைவரின் பீரங்கியினும் கொடிய பகையாய் இந்நோய் கப்பலுக்குள்ளேயே குடியிருந்தது.

காரணத்தைத் தேடல்

தகாகி நோயாளரைப் பார்த்து மருந்து கொடுப்பதோடு நிற்கவில்லை. கப்பல்களுக்குச் சென்றார், வீரர்கள் உறங்கும் இடம், உடுக்கும் உடை, செய்யும் வேலை, பருகும் நீர், உண்ணும் உணவு ஆகிய அனைத்தையும் ஆராய்ந்தார். பழைய பயணக் குறிப்பேடுகளைப் புரட்டினார். அங்கே சில உண்மைகள் புலனாயின. ஒரே கப்பலில் வாழ்ந்தும், உயர் அலுவலர்க்கு இந்நோய் அரிதாகவே வந்தது. எளிய மாலுமிகளுக்கே மிகுதியாக வந்தது. கப்பல்கள் அயல்நாட்டுத் துறைமுகங்களில் தங்கி, மாலுமிகள் அந்நாட்டு உணவை உண்ட நாள்களில் நோய் தணிந்தது. காற்றும் நீரும் இருசாரார்க்கும் ஒன்றே, உணவே வேறு.

மாலுமிகளின் உணவு ஏன் வேறாயிற்று? அக்காலத்தில் கடற்படை அவர்களுக்கு உணவுக்கெனப் படிப்பணம் அளித்துவந்தது. அரிசிச் சோறு வயிற்றை நிரப்பிற்று; இறைச்சியும் காய்கறியும் விலை மிக்கன. ஆகவே, மாலுமிகள் வெண்சோற்றையே பெரிதும் உண்டு, மிஞ்சிய பணத்தைச் சேர்த்து வறுமையுற்ற தம் வீட்டாருக்கு அனுப்பினர். அவர்தம் அன்பே அவர்தம் நோய்க்கு வழியாயிற்று. இதனை உணர்ந்த தகாகி, அறிவுரை கூறுவதால் மட்டும் பயன் விளையாதென்றும், பணம் கொடுக்கும் முறையையே மாற்றி உணவாக வழங்குதல் வேண்டுமென்றும் தெளிந்தார்.

உணவிலுள்ள சத்துக்களை அளந்து பார்த்த அவர், வீரர் உணவில் மாச்சத்து மிகுந்தும் புரதம் குறைந்தும் இருப்பதே நோய்க்குக் காரணம் என்று முடிவு செய்தார். இம்முடிவு முழு உண்மையன்று என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆயினும், குறை உணவில்தான் உள்ளது என்னும் அவரது நோக்கு பிழையற்றது.

இரு கப்பல்கள்

1882ஆம் ஆண்டு திசம்பரில் ரியூஜோ என்னும் பயிற்சிக் கப்பல், நியூசிலாந்து, தென்னமெரிக்கா, ஹவாய் ஆகிய இடங்களுக்குச் சென்று திரும்பும் நெடும்பயணத்தை மேற்கொண்டது. கப்பலில் இருந்தோர் 376 பேர். பயணம் 272 நாள்கள் நீடித்தது. அதற்குள் 169 பேர் பெரிபெரி நோய்க்கு ஆளாயினர். அவருள் 25 பேர் இறந்தனர். தென்னமெரிக்காவிலிருந்து ஹவாய் நோக்கி வருகையில், கப்பலைச் செலுத்துதற்கே போதிய ஆளின்றித் தத்தளித்தனர். ஹவாய்த் தீவில் தங்கி, இறைச்சியும் காய்கறியும் வாங்கி உண்டபின்னரே எஞ்சியோர் தேறி நாடு சேர்ந்தனர்.

இத்துயர நிகழ்ச்சியையே தகாகி தம் ஆய்வுக்கு உரைகல்லாகக் கொண்டார். அடுத்துச் செல்லவிருந்த சுக்குபா என்னும் பயிற்சிக் கப்பலை ரியூஜோ சென்ற அதே வழியில் அனுப்புதல் வேண்டும். உணவை மட்டும் மாற்றுதல் வேண்டும் என்று அவர் மேலிடத்தாரை வேண்டினார். வழி ஒன்றாகவும், நாள் ஏறத்தாழ ஒன்றாகவும், உணவு மட்டும் வேறாகவும் இருப்பின், விளையும் வேற்றுமைக்கு உணவே காரணமென்று துணிந்து கூறலாமன்றோ? செலவு மிகுதி என்று தயங்கியோர் பலர். தகாகி சோர்வின்றி ஒவ்வொருவரையும் கண்டு எடுத்துரைத்தார். 1883ஆம் ஆண்டு நவம்பரில் மெய்ஜி பேரரசரையே நேரிற் கண்டு விளக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. இசைவு கிடைத்தது.

1884ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுக்குபா 333 பேருடன் புறப்பட்டது. சோற்றைக் குறைத்து, இறைச்சி, மீன், பயறு, காய்கறி, ரொட்டி, சுண்டக் காய்ச்சிய பால் ஆகியன வழங்கப்பட்டன. இம்முயற்சி தோற்றால், தகாகியின் சொல் மட்டுமன்றி, எத்தனையோ வீரரின் உயிரும் கடலில் மூழ்கிவிடும். கரையில் இருந்தவர் திங்கள்தோறும் செய்தியை எதிர்நோக்கினார். ரியூஜோவின் வீரர்கள் வீழ்ந்துகிடந்த அதே ஹவாயிலிருந்து செய்தி வந்தது. சுக்குபாவில் நோயாளர் ஒருவரும் இலர் என்பதே அச்செய்தி. 287 நாள்கள் கடலிற் கழித்துக் கப்பல் திரும்பியபோது கணக்கெடுத்தனர். பயணம் முழுவதிலும் நோய்கண்டவர் பதினால்வரே, இறந்தவர் எவருமிலர். அப்பதினால்வரைப் பற்றியும் ஆராய்ந்தபோது, அவருட் பெரும்பாலார் தமக்களித்த இறைச்சியையோ பாலையோ உண்ணாது விட்டவர் எனத் தெரிந்தது.

பழக்கத்தை வென்ற முறை

உண்மையைக் கண்டறிதல் ஒன்று. அதனை மக்கள் வாழ்வில் நிலைபெறச் செய்தல் பிறிதொன்று. கடற்படை முழுவதிலும் புதிய உணவு புகுத்தப்பட்டது. ஆனால், பிறந்தநாள் தொட்டுச் சோறுண்டு வளர்ந்த மாலுமிகளுக்கு ரொட்டியும் இறைச்சியும் கசந்தன. சிலர் ரொட்டியைக் கடலில் எறிந்தனர் என்றும் கூறுவர். உண்ணாத உணவு எத்துணைச் சிறந்ததாயினும் பயனென்ன?

இவ்விடத்தில் தகாகியின் பெருமை நன்கு விளங்கும். தம் திட்டத்தையே பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு வீரரைத் தண்டிக்க அவர் முற்படவில்லை. வீரர்க்கு ஏற்பத் திட்டத்தைத் திருத்தினார். ஜப்பானிய ஊர்ப்புறத்தார் நெடுங்காலமாக உண்டுவந்த வாற்கோதுமையை அரிசியோடு கலந்து சமைத்து வழங்க 1885ஆம் ஆண்டில் ஏற்பாடு செய்தார். அது விலையும் குறைவு, சோற்றையும் ஒத்தது, வீரர்களும் ஏற்றனர். அவ்வாண்டின் கணக்கு வியப்பளித்தது. படையினர் 6,918 பேருள் நோய் பதிவானது 41 முறை மட்டுமே, இறப்பு ஒன்றுமில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் நூற்றுக்கு நாற்பதாய் இருந்த நோய், நூற்றுக்கு ஒன்றினும் குறைந்துவிட்டது. அதன்பின் கடற்படையில் பெரிபெரி ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

எதிர்ப்பும் அதன் விளைவும்

இத்துணைத் தெளிவான பயனைக் கண்டும் தரைப்படை மருத்துவத் தலைவர்கள் தகாகியின் முறையை ஏற்கவில்லை. அவர்கள் அறிவிலிகள் அல்லர். நுண்ணுயிர்களே நோய்களுக்குக் காரணம் என்னும் புதிய உண்மையைச் செருமானிய அறிஞர் அக்காலத்தில் நிலைநாட்டிவந்தனர். அவர்களைப் பின்பற்றியோர் பெரிபெரியையும் நுண்ணுயிரால் வருவதாகவே எண்ணினர். 1885இல் ஓகாட்டா மசனோரி என்பவர் அந்நுண்ணுயிரைக் கண்டுவிட்டதாகவும் அறிவித்தார். அது பிழையென்பது பின்னர்த் தெரிந்தது. புரதக் குறைவு என்று தகாகி கூறிய காரணத்தில் குறை கண்ட அவர்கள், அவர் காட்டிய பயனையும் சேர்த்தே தள்ளிவிட்டனர்.

தரைப்படை மருத்துவரும் பெரும்புலவருமான மோரி ரிந்தாரோ 1889இல் ஓர் ஆய்வு நடத்தினார். சில வீரர்களுக்குச் சில நாள்கள் பலவகை உணவளித்து, உணவு தரும் ஆற்றலையும் புரதத்தின் வரவு செலவையும் அளந்து, அரிசியே சிறந்ததென்று முடிவு கூறினார். அளவையில் பிழையில்லை, அளந்த பொருளே வேறாயிற்று. எவ்வுணவை உண்டவர் நோயுறுகின்றனர், எவ்வுணவை உண்டவர் நோயின்றி வாழ்கின்றனர் என்பதன்றோ அறியவேண்டிய வினா! அதற்குச் சில நாள்கள் போதா; பல திங்கள் வேண்டும்.

தரைப்படையிலும் வாற்கோதுமையின் பயனைக் கண்ட மருத்துவர் சிலர் இருந்தனர். ஒசாக்கா நகரப் படைப்பிரிவு 1884இலேயே அதனைக் கையாண்டு நன்மை பெற்றது. எனினும் போர்க்காலத்தில் தலைமையிடத்தார் வெள்ளரிசியையே அனுப்பினர். 1894-95இல் சீனாவோடு நிகழ்ந்த போரில், களத்தில் மாண்ட தரைப்படையினரினும் பெரிபெரியால் மாண்டோர் மிகுதி. அவர் தொகை ஏறத்தாழ 4,000. 1904-05இல் உருசியாவோடு நிகழ்ந்த போரில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட தரைப்படையினர் இந்நோயுற்றனர். ஏறத்தாழ 27,000 பேர் இறந்தனர். அதே போரில் கடற்படையில் நோயுற்றவரோ மிகச் சிலர். 1905ஆம் ஆண்டில்தான் தரைப்படையும் வாற்கோதுமை கலந்த சோற்றுக்கு ஆணையிட்டது. ஒரு நாட்டின் இருபடைகள், ஒரே பகைவர், ஒரே காலம். உணவு ஒன்றே இத்துணை வேற்றுமையை விளைத்தது.

பிற தொண்டுகள்

தகாகியின் தொண்டு கப்பலோடு முடிந்துவிடவில்லை. 1881இல் அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி, இன்று ஜிக்கேய் மருத்துவப் பல்கலைக்கழகமாய்த் தோக்கியோவில் விளங்குகிறது. 1882இல் ஏழைகளுக்கு மருத்துவம் செய்யும் மருத்துவமனையொன்றை நண்பருடன் நிறுவினார். நோயாளியை ஆய்வுக்குரிய பொருளாகக் கருதாது, துன்புறும் மனிதராகக் கருதுதல் வேண்டுமென்பது அவர் மாணவர்க்கு ஊட்டிய நெறி. இலண்டனில் கண்ட செவிலியர் பயிற்சியை அவர் மறந்தாரில்லை. உயர்குடிப் பெண்டிர் நிதிவிழா நடத்திப் பொருள் திரட்டித் தர, 1885இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஜப்பான் நாட்டின் முதற்செவிலியர் பள்ளி அதுவே.

1888இல் ஜப்பானில் முதன்முதலாக மருத்துவப் பேரறிஞர் பட்டம் பெற்றோருள் அவரும் ஒருவர். 1905இல் அவருக்குப் பிரபுப் பட்டம் வழங்கப்பட்டது. மக்கள் அன்பும் நகையும் கலந்து, அவரை வாற்கோதுமைப் பிரபு என்று அழைத்தனர். 1906இல் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்று, தாம் பயின்ற கல்லூரியிலேயே தம் ஆய்வைப் பற்றி விரிவுரை ஆற்றினார். 1920ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பெருமகனார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பின்னர் விளங்கிய உண்மை

நோயின் மெய்க்காரணம் யாது? தகாகி உணவிற் பலவற்றை ஒருசேர மாற்றினார். அவற்றுள் எது நோயைத் தீர்த்ததென்று பிரித்தறிய அம்முறையால் இயலவில்லை. சாவகத் தீவில் பணிபுரிந்த ஐக்மன் என்னும் ஒல்லாந்து மருத்துவர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் பெரிபெரி போன்ற நோயுறுவதையும், தவிட்டை உண்டபோது தேறுவதையும் கண்டார். 1910இல் ஜப்பானிய அறிஞர் சுசூகி உமெதாரோ தவிட்டிலிருந்து அச்சத்தைப் பிரித்தெடுக்க முயன்று வெற்றி கண்டார். 1912இல் பங்க் என்னும் அறிஞர் இத்தகைய சத்துக்களுக்கு வைட்டமின் என்னும் பெயரை வழங்கினார். அன்று தவிட்டில் கண்ட சத்தே தயமின் எனப்படும் பி1 வைட்டமின். அதன் அமைப்பை 1936இல் தெளிவுபடுத்தி, செயற்கையாக ஆக்கிக் காட்டிய இராபர்ட் வில்லியம்சு என்னும் அமெரிக்கர், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூரில் பிறந்தவர்.

நெல்லைத் தீட்டுந்தோறும் தவிட்டோடு அச்சத்தும் நீங்கிவிடுகிறது. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்தினாலோ, சத்து அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்குகிறது. சென்னை மாகாணத்தின் வடபகுதியில் தீட்டிய பச்சரிசியை உண்டோரிடையே பெரிபெரி காணப்பட்டது. புழுங்கலரிசியை உண்ட தமிழ்நாட்டு உழவரும் தொழிலாளரும் அதனின்றும் பெரிதும் தப்பினர். பாட்டியர் நெல்லவித்த அண்டாவில் ஓர் அறிவியலும் அடங்கியிருந்தது. 1918இல் குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவர் தொடங்கிய பெரிபெரி ஆய்வே பிற்காலத்தில் வளர்ந்து, ஐதராபாத்தில் தேசிய உணவூட்ட நிறுவனமாக நிலைபெற்றது.

தென்துருவக் கண்டத்தில், வைட்டமின் ஆய்வாளர்களின் பெயர்கள் சூட்டப்பட்ட பகுதியில், தகாகி முனை என்று ஒரு நிலமுனை இருக்கிறது. அப்பெயர் 1959இல் வழங்கப்பட்டது. பெயர் பனிக்கண்டத்தில் நிற்பினும், அவர் காட்டிய நெறி உழைப்போர் உண்ணும் அட்டிலிலும் தொழிற்கூடத்திலும் வாழ்வது. நோயாளியை நாடி மருந்து கொடுப்பது மருத்துவத்தின் ஒரு பகுதி. நலமுடையோர் நோயுறாதவாறு அவர்தம் அன்றாட வாழ்வைத் திருத்துவதும், திருத்தியதன் பயனை எண்ணிப் பார்ப்பதும், பயனில்லையேல் தம் கருத்தையே மாற்றிக்கொள்வதும் மற்றொரு பகுதி. தாம் கூறிய காரணத்தில் குறையிருந்தும் தகாகி பல்லாயிரவரைக் காத்தார். எண்ணி அறிந்த உண்மையை ஏற்க மறுத்தவரோ, கற்றறிந்தும் பல்லாயிரவரை இழந்தனர். கல்விக்கு அணியாவது உண்மையைக் கண்டவழிப் பணிதல் என்பதனை இவர் வரலாறு நமக்கு நன்கு அறிவுறுத்துகின்றது.